‘ங்க’ போடாத கேளு

பேரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டாள். “எழுதணும்னா எழுதிக்கோ. எம்பேரு மட்டும் அதுல வரக் கூடாது. வந்துச்சுன்னு வையி, திருப்பூர்ல இருந்து பஸ் ஏறி வந்துருவேன்” என்றாள் போனில். சொன்னால் செய்வாள். எனவே இதில் அவள் வெறும் ‘அவள்’தான்.

நான் யார் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடற்கரைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு ஆயாவாக இருந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். அவளுக்கு நடந்த அநியாயத்தில் டாக்டரம்மாவுக்குப் பங்கு, ஹெட் நர்ஸுக்குப் பங்கு, என் இடது கைப் பெருவிரலுக்கும் பங்கு. இதைச் சொல்லாமல் அவளைப் பற்றி மட்டும் அழகாக எழுதிக்கொண்டு போனால் என் கை அழுகிவிடும்.

அவள் அளத்துக்குப் போகிறவள். முள்ளக்காட்டுப் பக்கம் பாத்தியில் உப்பு அள்ளிச் சுமந்து கொட்டுகிற வேலை. கறுத்த, உயரமான உடம்பு. நடையில் ஒரு வெட்டு இருக்கும். அவளிடம் கேட்காமல் யாரும் எதையும் செய்துவிட முடியாது. அவளும் கேட்காமல் எதையும் தொட மாட்டாள். பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலையைப் பறிப்பதற்குக்கூட வாசலில் நின்று “எடுக்கட்டா?” என்பாள். ஒருநாள் அந்த வீட்டுக்காரி வேடிக்கைக்காக “எடுக்கக் கூடாது” என்று சொல்ல, “சரி” என்று திரும்பிப் போய்க் கறிவேப்பிலை இல்லாமலே குழம்பு வைத்தாள். முகத்தில் ஒரு கோணல் இல்லை. வேண்டாம் என்றால் வேண்டாம், அவ்வளவுதான் அவளுக்கு.

மற்றவர்களுக்கும் அதே சட்டம்தான். டவுன் பஸ்ஸில் ஒருமுறை கண்டக்டர் பையன் உள்ளே நகரச் சொல்லி அவள் தோளைத் தட்டினான்.

“ஏலே, தொட்டியே, கேட்டியா?”

“உள்ள நகருங்கன்னுதானக்கா...”

“எனக்குக் காது இருக்குல்லா? வாயால சொன்னா நகர மாட்டனா? கேட்டியா, கேக்கலையா? அத மட்டும் சொல்லு.”

பஸ்ஸே சிரித்தது. அவன் விசிலை வாயில் வைத்துக்கொண்டு முழித்தான். கடைசியில் “கேக்கல” என்றான்.

“ம். இப்பக் கேளு.”

“நகருதியளாக்கா?”

“நகருதேன்.” நகர்ந்தாள்.

ஒரு கேஸ் விஷயமாக அவளைப் பேப்பர்காரர்கள் படம் எடுக்க ஆரம்பித்த பிறகு, ஒரு தேர்தல் சமயம், வேட்பாளர் ஒருவர் அளத்துக்கே கார் போட்டு வந்தார். கொதிக்கிற வெயிலில் அவள் தலைச்சுமையை இறக்கி வைத்த நேரம் பார்த்துக் கழுத்தில் ஒரு சால்வையைப் போட்டார். நான்கு செல்போன் படம் எடுத்தது. அவள் சால்வையை எடுத்தாள், உதறினாள், நான்காக மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

“போடட்டான்னு கேட்டியளா அண்ணாச்சி?”

“மரியாதை பண்ணுதோம்மா, இதுக்குப் போயி...”

“அந்த மரியாதை எனக்கு வேண்டாம்னு சொல்லுததுக்கும் ஒரு நேரம் குடுக்கணும்லா?”

அண்ணாச்சி காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அளத்துப் பெண்கள் சாயங்காலம்வரை அதையே சொல்லிச் சிரித்தார்கள். நானும் கேள்விப்பட்டுச் சிரித்தேன். ஆனால் அவள் ஏன் அப்படி ஆனாள் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாவது பிரசவத்துக்கு அவள் எங்கள் வார்டுக்கு வந்தாள். குழந்தை திரும்பிக் கிடந்தது, வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். மூத்ததும் பெண், இதுவும் பெண். அவள் மயக்கத்தில் கிடக்கிறாள், குழந்தையைத் துடைத்துக்கொண்டு நான் மூலையில் நிற்கிறேன். டாக்டரம்மா தையல் போடுவதற்கு முன் நிமிர்ந்து, “ரெண்டாவதுதான? குழாயைக் கட்டிருவோம்” என்றார். நர்ஸ், “ஃபாரத்துல கையெழுத்து வாங்கலையே மேடம்” என்றாள். “அப்புறம் வாங்கிக்கலாம். இவளுகளக் கேட்டுக்கிட்டு இருந்தா நாடு விளங்குமா?”

டாக்டரம்மா பார்க்கக் கொம்பு முளைத்த பிசாசு ஒன்றும் இல்லை. நல்ல கைராசி. பெண்டாட்டியை அடிக்கிற புருஷன்மாரை வார்டு வாசலிலேயே வெளுத்து வாங்குவார். எனக்குப் பழைய சேலைகள் கொடுப்பார். ஆனால் சுவரில் ஒரு போர்டு தொங்கியது. அதில் மாதாமாதம் எத்தனை பேருக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்தோம் என்று எழுத வேண்டும். அந்தப் போர்டு காலியாக இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. அவள் வயிறு அந்தப் போர்டில் ஒரு கோடாகப் போனது.

அவளை வீட்டுக்கு அனுப்பின பிறகுதான் ஃபாரத்தில் கையெழுத்து இல்லை என்பது ஹெட் நர்ஸுக்கு ஞாபகம் வந்தது. “ஏளா, இங்கன வா. பெருவிரல நீட்டு” என்றாள். மேசையில் மை டப்பா திறந்திருந்தது. நான் நீட்டினேன். எதற்கு என்று கேட்கவில்லை. தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. அவள் தமிழில் முத்து முத்தாகக் கையெழுத்துப் போடுகிறவள் என்பதுகூட அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அளத்துக்காரி என்றால் கைநாட்டுதான் என்று ஹெட் நர்ஸே முடிவு செய்துவிட்டாள்.

அந்தக் குழந்தை மூன்றாம் மாதம் காய்ச்சலில் போய்விட்டது.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவளும் புருஷனும் இன்னொரு பிள்ளைக்காகக் காத்திருந்தார்கள். கோயில், நாட்டு மருந்து எல்லாம் ஆயிற்று. வேறொரு டாக்டரிடம் போனபோது அவர் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “குடும்பக் கட்டுப்பாடு பண்ணியிருக்குன்னு இதுல எழுதியிருக்கேம்மா” என்றார். அது இங்கிலீஷில் எழுதியிருந்தது. இரண்டு வருஷமாக அந்தச் சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தாள்.

புருஷன் தோணியில் போகிறவன். அவன் ஆஸ்பத்திரிக்கு வந்து சத்தம் போட்டதும் ஹெட் நர்ஸ் ஃபாரத்தை எடுத்துக் காட்டினாள். “ஒம் பொண்டாட்டி ரேகை வச்சிருக்கா பாரு. வீட்டுல போய்க் கேளு.” அவனும் போய்க் கேட்டான். “எனக்குத் தெரியாம நீயாப் போய்ப் பண்ணிக்கிட்டியா? பேப்பர் பொய் சொல்லுமா?” பதினோரு வருஷம் கூட வாழ்ந்தவளை விட அவனுக்கு ஒரு தாள் பெரிதாகப் போய்விட்டது. தோணி ஏறிப் போனவன் பிறகு அந்த வீட்டுக்கு வரவே இல்லை.

அன்றிலிருந்து அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தத் தாள் பொய் என்று ஆக வேண்டும். ‘நான் அவளைக் கேட்கவில்லை’ என்று டாக்டரம்மா தன் வாயால், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கேஸ் நடத்த ஒரு பெண்கள் சங்கம் சேர்ந்துகொண்டது. தகவல் உரிமையில் எழுதிப் போட்டு அந்த ஃபாரத்தின் நகலை வாங்கினார்கள். அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சோற்றுத் தூக்கு வைக்கிற பைக்குள் எப்போதும் வைத்திருப்பாள். திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் மனு. வாங்குகிறவர்கள் வாங்குவார்கள், சீல் வைப்பார்கள், அடுத்த திங்கள் மறுபடியும் அவள் நிற்பாள்.

அவள் பழி வாங்கத் தொடங்கியது மருதாணியில்.

அளத்துப் பெண்கள் யாருக்காவது ஒன்பதாம் மாதம் என்றால், மருதாணி அரைத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள். “எழுதட்டா?” என்று கேட்பாள். சரி என்றவளுக்குத் தொப்புளுக்கு மேலே, பெரிய எழுத்தில், ஒரே ஒரு வார்த்தை எழுதுவாள். ‘கேளு.’

முதல் ஆள் எங்கள் வார்டுக்கு வந்த அன்று நான்தான் சேலையை விலக்கினேன். சேசுவே! செக்கச் செவேலென்று வயிற்றில் எழுத்து. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். ஸ்பிரிட்டை ஊற்றித் தேய்க்கச் சொன்னார். மருதாணி ஸ்பிரிட்டுக்குப் போகுமா? நான் தேய்க்கத் தேய்க்க இன்னும் பளபளவென்று ஆனது. அந்த மாதமே இன்னும் மூன்று வயிறுகள் வந்தன. போர்டில் கோடு குறைந்தது.

டாக்டரம்மா ஆள் விட்டு அவளைக் கூப்பிட்டார். அவள் வந்தாள். உட்காரச் சொல்லவில்லை, அவளும் உட்காரவில்லை.

“என்னம்மா இது அசிங்கம்? படிச்சவங்க பாக்குற இடம். எழுதணும்னா ‘கேளுங்கள்’னு மரியாதையா எழுதக் கூடாதா?”

எனக்கு வாசலில் நின்றபடியே சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றில் எழுதினது அவருக்குப் பெரிதில்லை. ‘ங்க’ இல்லை என்பதுதான் சுட்டிருக்கிறது.

அவள் நிதானமாகச் சொன்னாள்: “நீங்க மொதல்ல கேளுங்க. நீங்க கேட்ட அன்னைக்கு நாங்க ‘ங்க’ போடுதோம்.”

இதெல்லாம் நடக்கிறபோது என்னை அவளுக்குத் தெரியாது. வார்டில் நிற்கிற பல ஆயாக்களில் ஒருத்தி, அவ்வளவுதான். மாட்டிக்கொண்டது ரேஷன் கடையில்.

ரேஷன் கடைக்குக் கைரேகை மெஷின் வந்த புதிது. எனக்கு முன்னால் அவள் நின்றாள். பெருவிரலை வைத்தாள். மெஷின் எடுக்கவில்லை. சேலையில் துடைத்து வைத்தாள். எடுக்கவில்லை. மற்ற விரல்களையும் வைத்துப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. கடை அண்ணாச்சி சலித்துக்கொண்டார். “அளத்துக்குப் போற பொம்பளையளுக்கு எல்லாம் இதே பாடுதான். உப்பு தின்னுருதும்மா. விரல்ல ரேகையே இல்ல, வழுவழுன்னு கெடக்கு. கண்ணக் காட்டுங்க, கண்ணுல எடுப்போம்.”

அவள் கண்ணைக் காட்டவில்லை. தன் பெருவிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பையிலிருந்து அந்த நகலை எடுத்தாள். அதில் இருந்த ரேகை சிக்குக் கோலம் போலச் சுற்றிச் சுற்றித் தெளிவாக இருந்தது. நடுவில் ஒரு வெள்ளைக் கோடு சாய்வாக வெட்டிக்கொண்டு போனது.

“அண்ணாச்சி, எனக்குத்தான் ரேகையே இல்லைங்கிய. அப்ப இது யாரு ரேகை?”

வரிசை மொத்தமும் எட்டிப் பார்த்தது. நான் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. அந்தச் சாய்வுக் கோடு எனக்குத் தெரியும். எங்கள் அப்பா சங்கு குளிக்கிறவர். சின்ன வயதில் அவர் கொண்டுவந்த சங்கின் உடைந்த விளிம்பு என் பெருவிரலைப் பிளந்து ஆறின தழும்பு அது. பையைச் சுருட்டிக்கொண்டு மெல்ல வரிசையை விட்டு நழுவினேன்.

“எங்க போறிய? ஒங்க முறைதான்” என்றார் அண்ணாச்சி. பாவி மனிதர்! எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். போனேன். வைத்தேன். தொட்டதும் மெஷின் ‘கீக்’ என்றது. அவள் என் விரலைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். எங்கே பார்த்த முகம் என்று தேடுவது தெரிந்தது. நகலைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை மனுக் கொடுத்துவிட்டு நேராக என் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

“அக்கா, ஒங்க பெருவிரலப் பாக்கட்டா?”

என் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். தெருவைக் கூட்டியிருக்கலாம், செருப்பால் அடித்திருக்கலாம். அடித்திருந்தால் நானும் நாலு வார்த்தை ஏசி, கணக்கைத் தீர்த்திருப்பேன். இவள் கேட்டாள். “இல்லைன்னு சொன்னா போயிருதேன்” என்றும் சொன்னாள்.

“இல்ல” என்றேன்.

“சரிக்கா.” போய்விட்டாள்.

அடுத்த திங்கள் வந்தாள். “அக்கா, ஒங்க பெருவிரலப் பாக்கட்டா?” இல்லை என்றேன். அதற்கடுத்த திங்கள். அதற்கும் அடுத்த திங்கள். சத்தம் கூடவில்லை, முகம் மாறவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன் ஒருநாள், வாயை அடைக்கலாம் என்று. “வேணுமான்னு கேக்கலையே” என்று தொடாமல் போனாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனாலே எனக்குச் சோறு இறங்காது. இப்படி ஒரு சித்திரவதையை நான் எங்கும் பார்த்ததில்லை. ‘இல்லை’ என்று என் வாயாலேயே சொல்ல வைத்துச் சொல்ல வைத்து, அந்தச் சொல்லே எனக்குக் கசந்துபோகும்படி செய்தாள். அவளுக்கு ஒருநாளும் கிடைக்காத அந்த ‘இல்லை’யை எனக்கு வாராவாரம் கொடுத்தாள்.

தாங்க முடியாமல் மாதா கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் கேட்டுவிட்டு ஜெபமாலை சொல்லச் சொன்னார், ஆண்டவர் மன்னித்துவிட்டார், சமாதானமாய்ப் போ என்றார். எனக்கு மனசு பஞ்சாகிவிட்டது. அடுத்த திங்கள் அவள் வந்ததும் நானே முந்திக்கொண்டு சொன்னேன்.

“ஏளா, அது நான்தான். எம் விரல்தான். சாமியார்ட்டச் சொல்லி அழுதுட்டேன். ஆண்டவரே மன்னிச்சிட்டாரு.”

அவள் முகம் முதல்முறையாக மாறியது.

“மன்னிச்சிட்டாரா? மன்னிக்கட்டான்னு என்கிட்ட கேட்டாரா?”

கையிலிருந்த பையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“வயிறு என்னுது. புருஷன் போனது எனக்கு. எம்புள்ளயப் பெட்டியில வச்சுத் தூக்கிட்டுப் போனது நான். நீயும் ஒன் சாமியாரும் மேல ஒருத்தருமா மூணு பேரு கூடிப் பேசி முடிச்சிட்டிய. அன்னைக்கு ஆபரேஷன் ரூம்லயும் இப்பிடித்தான ஒங்களுக்குள்ளயே பேசி முடிச்சிய?”

அன்றோடு ‘அக்கா’ போனது, ‘நீ’ வந்தது. அது எனக்கு நியாயமாகவே பட்டது. “என்ன செய்யணும் சொல்லு” என்றேன்.

“விசாரணை வச்சிருக்காவ. வந்து அந்த விரல வைப்பியா?”

அதையும் கேள்வியாகத்தான் கேட்டாள். வைக்கிறேன் என்றேன்.

விசாரணை ஒரு பெரிய ஆபீஸின் மாடியில் நடந்தது. நீள மேசை, நடுவில் அதிகாரி. டாக்டரம்மா அப்போது பெரிய பதவிக்குப் போயிருந்தார், பட்டுச் சேலையில் வந்திருந்தார். ஹெட் நர்ஸ் பக்கத்தில். சங்கத்துப் பெண்கள் சுவரோரம்.

“அவங்க சம்மதிச்சுத்தான் ரேகை வச்சாங்க. பிள்ளை இறந்ததும் மனசு மாறிட்டாங்க. இந்த ஜனங்க எப்பவும் இப்படித்தான் சார்” என்றார் டாக்டரம்மா.

அவள் அதிகாரியிடம் கேட்டாள், “மை டப்பாவ எடுக்கட்டா சார்?” அவர் தலையசைத்தார். பெருவிரலை மையில் தோய்த்து வெள்ளைத் தாளில் அழுத்தினாள். ஒரு கறுப்புப் பொட்டு, அவ்வளவுதான். ஒரு கோடு இல்லை. மறுபடி வைத்தாள், மறுபடியும் பொட்டு. தாள் முழுக்கப் பொட்டுப் பொட்டாக வைத்து அதிகாரியின் முன்னால் தள்ளினாள்.

நான் எழுந்தேன். அந்தப் பொட்டுகளுக்குக் கீழே என் விரலை வைத்தேன். கோலம் விழுந்தது, நடுவில் சங்கு கிழித்த கோடும் விழுந்தது. அதிகாரி ஃபாரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை.

டாக்டரம்மா பட்டென்று சொன்னார்: “எனக்கு இது தெரியவே தெரியாது சார். ஆயா செஞ்ச தப்பு இது.” ஹெட் நர்ஸும் “ஆமா சார், இந்த ஆயா எப்பவும் இப்படித்தான்” என்றாள். பழைய சேலைகள் கொடுத்த கை என்னைக் கிணற்றில் தள்ளிவிட்டது. அப்போது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆபரேஷன் அறையில் சொன்னது, மை டப்பாவை நீட்டினது, ஒன்று விடாமல் அத்தனையும் கொட்டினேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் அவர்கள் முகம் வெளிறுவதைப் பார்க்க எனக்கு இனித்தது. பாவம் என்றால் பாவம்தான், இனித்தது.

நான் முடித்ததும் அவள் டாக்டரம்மாவைப் பார்த்தாள். “ரேகை வச்சது ஆயா. சரி. கத்தி பிடிச்சதும் ஆயாதானா?”

டாக்டரம்மா தண்ணீர் குடித்தார். மேசையைப் பார்த்தபடி, “நான் கேக்கல” என்றார்.

“என்னப் பாத்து.”

நிமிர்ந்தார். “நான் உன்னைக் கேக்கலம்மா. மன்னிச்சிரு.”

“அதையும் கேக்காமலே எடுத்துக்கிடுதிய பாத்தியளா” என்றாள் அவள். பிறகு, வயிறு வயிறாக எழுதின அந்த வார்த்தையைச் சொன்னாள். “கேளு.”

‘ங்க’ இல்லை. டாக்டரம்மாவுக்கு அது காதில் விழுந்ததை நான் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது அவருக்கு. நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். “என்னை மன்னிப்பீங்களா?” என்று கேட்டார்.

“மாட்டேங்க” என்றாள்.

எங்கள் ஊரில் யாரும் ‘மாட்டேங்க’ என்று சொல்வதில்லை. அந்த ‘ங்க’வை அவள் எங்கிருந்தோ தேடி எடுத்துவந்து ஒட்டினாள். கேட்டால் போடுகிறேன் என்று சொன்னாள் அல்லவா, போட்டுவிட்டாள். பையை எடுத்துக்கொண்டு, அதிகாரியிடம் “போகட்டா சார்?” என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

டாக்டரம்மாவின் பதவி போனது, கோர்ட்டில் வழக்கு இன்னும் நடக்கிறது. ஹெட் நர்ஸுக்கும் எனக்கும் வேலை போனது. நான் அதற்காக அழவில்லை. அவள் புருஷனுக்கு யாரோ விஷயத்தைச் சொல்லி, அவன் ஒருநாள் வந்து வாசலில் நின்று “உள்ள வரட்டா?” என்று கேட்டானாம். இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். மகளுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்ததும் அங்கே போய்விட்டாள்.

போகிற அன்று பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நானும் கேட்டேன், என்னை மன்னிப்பாயா என்று. மாட்டேன் என்றாள். எனக்கு ‘ங்க’கூடப் போடவில்லை.

இதை எழுதட்டுமா என்று கேட்க இப்போது போன் செய்தேனே, அப்போதும் கடைசியில் அதையே கேட்டேன். பின்னால் தையல் மெஷின் சத்தம் கேட்டது.

“மாட்டேன்” என்றாள். “அடுத்த திங்களும் கேளு.”